ஒன்று போய்விட்டால்

நான் பத்து வயதுவரை வளர்ந்த ஸ்டேஷன் ஒரு கிளைப் பாதையில் இருந்தது. இப்போதென்றால் கொழும்பிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஒரு மேடை, ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரே ஒரு தண்டவாளப் பாதை. ரயிலைக் கோச்சி என்போம்; காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு. கொட்டாஞ்சேனையில் பிறந்த என் அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர்.

ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அதற்காக, உள்ளங்கை அளவு வட்டத் தகடு ஒன்று தோல் பைக்குள் வைத்து, பெரிய வளையத்தில் மாட்டியிருக்கும். அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அடுத்த ஸ்டேஷனுக்குப் போக முடியாது. அப்பா அதை டிரைவரிடம் கொடுப்பார். கோச்சி கிளம்பிக் கடைசிப் பெட்டி கடந்ததும் என்னைப் பார்ப்பார். என் பள்ளிக்கூடம் பாதைக்கு அந்தப் பக்கம்.

"ஒண்டு போயிட்டுதெண்டா இனி ஒண்டும் வராது. ஓடு."

அங்கே அது உண்மை. நானும் ஓடினேன்.

பிறகு பஸ் வந்தது. டிக்கெட் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். கடைசிக் கோச்சி வழக்கம்போலப் பிந்தி வந்து போனது. சில மாதங்களில் தண்டவாளத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவுக்குக் கொழும்புக்கு மாற்றல் வந்தது.

இப்போது எங்கள் வீடு வெள்ளவத்தையில். கடற்கரைக்குப் போவதென்றால் கோச்சிப் பாதையைக் கடக்கவேண்டும். மகளுக்கு நாலு வயதிலிருந்து நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். கோச்சி போகும்வரை நிற்போம். போனதும், "இனி வராது, வா" என்று இழுத்துக்கொண்டு நடப்பேன். அங்கே இரண்டு பாதை என்பது எனக்குத் தெரியும். தினமும் கண்ணால் காண்கிறேன். ஆனாலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகள் கடற்கரையிலிருந்து தனியாகத் திரும்பினாள். பதினேழு வயது. பாணந்துறைப் பக்கம் போன கோச்சி கடந்ததும் காலை வைத்தாள். மற்றப் பாதையில் எதிர்த்திசையில் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும் கோச்சி வந்திருக்கிறது. வடை விற்கிற மனிதர் ஒருவர் அவளது பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பையின் வார் அறுந்தது. கையிலிருந்த குடை கோச்சியில் அடிபட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து வாரைக் காட்டினாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் சிரிக்கப் பார்த்தாள்.

"ஒண்டு போனா மற்றது வராதெண்டு நீங்கதானே அம்மா சொல்லித் தந்தது?"

நான் வாரை வாங்கித் தைத்துக் கொடுத்தேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் அந்தப் பழைய ஸ்டேஷனுக்குப் போனேன்.

மேடை இருக்கிறது. கட்டடத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. பாதை இருந்த இடம் தார் ரோட்டு. வீட்டுக்காரப் பெண்ணிடம் சிங்களத்தில் அனுமதி கேட்டேன். பார்க்க ஒன்றுமில்லையே என்றாள். உடுப்புக் காயப்போடுவதை நிறுத்தவில்லை.

"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தம்?" என்றாள் மகள்.

தகட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பா நின்ற இடத்தையும் நான் கடந்த இடத்தையும் காட்டினேன். அவள் ரோட்டின் அகலத்தைப் பார்த்தாள்.

"ஒரு லைன்தானா?"

"ஓம். ஒண்டுதான்."

"அப்ப தாத்தா சொன்னது சரி."

"ஓம்."

"நீங்க சொன்னதுதான் பிழை."

"ஓம்," என்றேன். அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கடற்கரைப் பக்கம் நடந்தோம். கோச்சி ஒன்று வந்தது, நின்றோம். கடைசிப் பெட்டி கடந்ததும் என் கால் தானாக முன்னே போனது.

மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நில்லுங்க அம்மா. மற்றப் பக்கம்."

மற்றப் பக்கம் பார்த்தேன். கோச்சி ஏதும் வரவில்லை. அவள் கையை விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கடந்தோம்.