என் இடத்தில் நின்ற கேம்பர் வேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேத்தியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

முதலில் என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய மினி வேன். விடியற்காலையில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு கேரட், முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றி ஊட்டி மார்க்கெட்டில் இறக்குவேன். திரும்பி வந்து சீட்டை மாட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் கேஸ் சிலிண்டர், மாமனாருக்கு ஆஸ்பத்திரி, யார் வீட்டிலாவது துக்கம் என்றால் அதற்கும் அதுதான். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் பனிக்காலத்தில் உட்கார இதமாக இருக்கும். பக்கத்துக் கதவை இழுக்கத்தான் தனி பலம் வேண்டும். ஓட்டுவது நான். என் கணவர் கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஸ்டியரிங் பக்கமே அவர் வர மாட்டார்.

அந்த வருடம்தான் கோயம்புத்தூரிலிருந்து என் கொழுந்தனும் ஓரகத்தியும் எங்களோடு இருக்க வந்தார்கள். சும்மா வரவில்லை, பழைய கேம்பர் வேன் ஒன்றோடு வந்தார்கள். உள்ளே மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றி, அதிலேயே தங்கவைத்துச் சம்பாதிக்கப் போகிறாராம் கொழுந்தன். தெருவே திரண்டு வந்து பார்த்தது. இத்தனை வருடம் என் வேனில் ஓசியில் போய் வந்தவர்கள்தான், ஒருவர்கூட ஒரு நாளும் அதை நின்று பார்த்ததில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அதோடு போகவில்லை. “ரெண்டு வண்டிக்கும் இன்சூரன்சும் டாக்சும் யாரு கட்டறது? பொங்கலுக்குள்ள ஒண்ணைத் தள்ளிரலாம்” என்றார் மாமனார். கேம்பரும் அவர் பணத்தில் வாங்கியது என்பதால் இரண்டும் அவர் பெயரில்தான் இருந்தன. எதை என்று அவர் சொல்லவே வேண்டியதில்லை. “கட்டிலை மடிச்சு வெச்சா மூட்டையும் ஏத்திக்கலாமுங்க அண்ணி. நீங்க எதுக்கு இனி சிரமப்படோணும்?” என்று கொழுந்தன் வேறு கரிசனப்பட்டார். வேன் போய்விட்டால் நான் அடுப்படியோடு சரி. அந்தப் பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அன்றிலிருந்து கேம்பரில் குறை கண்டுபிடிப்பதே என் வேலையாகிவிட்டது. குளிரில் காலையில் ஸ்டார்ட் ஆகாது, இருமிக்கொண்டே கிடக்கும். கொண்டை ஊசி வளைவில் ஒரே மடக்கில் திரும்பாது, பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். அதற்குள் குன்னூர் பஸ் ஹாரன் அடித்து மானத்தை வாங்கிவிடும். கட்டிலை மடித்தாலும் அலமாரி அப்படியே நிற்பதால் என் வண்டியில் போகிற மூட்டையில் பாதிகூட உள்ளே போகாது. இதையெல்லாம் வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தேன். ஆனால் ஒரு நாள் எல்லோரும் அதில் கோத்தகிரி போனோம். என் வேனில் ஒரு நாளும் கண்ணயராத என் கணவர், அந்தக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்கினார். அன்று இரவு அவரோடு நான் பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் மார்க்கெட்டுக்கான கேரட் மூட்டைகளோடு மதியம் வந்தேன். எங்கள் வாசல் சரிவான பாதை. கேட்டை ஒட்டி நான் எப்போதும் நிறுத்துகிற இடத்தில் கேம்பர் நின்றுகொண்டிருந்தது. என் இடமும் போயிற்றா என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால், கீழே பாதை வளைகிற விளிம்பில் என் வேனை நிறுத்தினேன். கியரில் போட்டு, பின்சக்கரம் இரண்டுக்கும் கல் வைத்தேன். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, கை தானாகவே செய்யும்.

“கல்லு வெச்சீங்களா தம்பி?” என்று கொழுந்தனிடம் கேட்டேன்.

“புது ஹேண்ட் பிரேக் மாட்டியிருக்குதுங்க அண்ணி!” என்று சிரித்தார். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்.

கேம்பருக்குள் ஓரகத்தி, அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலில் அவளுடைய சின்ன மகள். “அக்கா, நீங்களும் வாங்க, டீ குடிக்கலாமுங்க” என்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து, எனக்கு நானே டீ போட்டேன்.

பால் பொங்குவதற்குள் அலறல் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் கேம்பர் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. கொழுந்தன் கதவைப் பிடித்தபடி கூடவே ஓடுகிறார். கீழே, விளிம்புக்கு அடியில், பெண்கள் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். டமார் என்று அது என் வேன்மேல் மோதியது. வேன் குலுங்கியது, கற்கள் ஈர மண்ணில் ஆழமாக அமுங்கின. மூட்டைப் பாரமும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. இரண்டு வண்டியும் அப்படியே நின்றன.

ஓடிப்போய்க் கேம்பர் கதவைத் திறந்தேன். உள்ளே எல்லாம் டீயும் சர்க்கரையும். நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. ஓரகத்தி மகளை ஒரு கையிலும் என் கழுத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டவள், விடவே இல்லை. அந்த நேரத்திலும் கூட்டத்தில் யாரோ, “அடடா, கேம்பர் பம்பர் போச்சே” என்று அங்கலாய்த்தார்கள். என் வேனின் முகம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அதை யாராவது கேட்டார்களா? அங்கேயும் எனக்குப் பொறாமைதான்.

மாமனார் மட்டும் வந்து, அமுங்கிய கற்களைக் குனிந்து பார்த்தார். “முதல்ல பெரியவ வண்டியச் சரி பண்ணுங்க” என்றார். விற்கிற பேச்சு அதோடு நின்றது.

வேன் ஒர்க் ஷாப்பிலிருந்து திரும்பி வந்த அன்று, ஓரகத்தி வந்து என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “ஏனுங்கக்கா, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?” என்றாள்.

“என்ற கல்யாணத்துக்கே நீங்க வண்டி ஓட்டிட்டு வந்து எறங்குனீங்க. அப்பப் புடிச்ச வயித்தெரிச்சலுங்க. கட்டிலும் திரையும் நானா கேட்டேன்? அவரு எடுத்தாப் போறேன், நிறுத்துனா எறங்கறேன்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

சாவியை அவள் கையில் கொடுத்தேன்.

கேம்பரின் பூப்போட்ட திரையைப் பார்த்தால் இன்றும் எனக்கு உள்ளுக்குள் புகையத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் யாரைப் பார்த்து வயிறு எரிந்தாலும், அவர்கள் ராத்திரி படுக்கும்போது எதை நினைத்து ஏங்குகிறார்களோ என்று கேட்டுக்கொள்ள அவள்தான் என்னைப் பழக்கினாள்.