மார்ச் முதல் அக்டோபர் வரை பூக்க வேண்டிய பாத்தி

இங்கே பூவை வாடிய பிறகுதான் வெட்டுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்து ஹெல்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் கத்தரிக்கோலுடன் குனிந்து, காய்ந்த பூக்களை மட்டும் தேடித் தேடி நறுக்கிக் குப்பைக் கூடையில் போடுவார். அவை நன்றாக இருந்தபோது ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். இராஜபாளையத்திலிருந்து என் அம்மா வந்து பார்த்தால் மனம் பொறுக்காது.

ஜெர்மனியில் இந்த வாடகைத் தோட்டத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். முதல் வருடம் சோதனைக் காலம். பாதையோரப் பாத்தியில் மார்ச் முதல் அக்டோபர் வரை தேனீக்களுக்காக ஏதாவது பூத்திருக்க வேண்டும். இல்லையென்றால் தோட்டம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதைத் தீர்மானிக்கும் தோட்டச் சங்கப் பொறுப்பாளரும் ஹெல்காதான். நான் இயந்திர பாகங்களின் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவள். பட்டியல் இல்லாமல் கறிவேப்பிலைகூட வாங்கமாட்டேன். உறைபனியில் இலை கருகினாலும் வேர் பிழைத்து வருடா வருடம் தளிர்க்கும் செடிகளாகத் தேர்ந்து ஓர் அட்டவணை போட்டேன். பனி விலகும்போதே ஹெல்லபோர், மே மாதத்தில் ஜெரேனியம், ஜூனில் சால்வியா, பிறகு எக்கினேசியா, கடைசியில் ஆஸ்டர். ஒன்று ஓய்வதற்கு இரண்டு வாரம் முன்பே அடுத்தது தொடங்கிவிடும். மாதக் கட்டங்களில் பச்சை நிறம் இடைவெளியே இல்லாமல் ஓடியது. அம்மாவுக்கு அதை வீடியோவில் காட்டினேன்.

"வாசம் இருக்கா, ஏட்டி?"

"இல்லம்மா."

"பொறவு எதுக்கு அம்புட்டுச் செடி? சரி, சாமிக்காச்சும் ஆகும்."

எங்கள் வீட்டில் நான்கு பிச்சிக்கொடிகள் உண்டு. சாயங்காலம் மொட்டாகவே பறித்துவிட வேண்டும். ஒன்று கொடியிலேயே விரிந்து கிடந்தால், "ஏட்டி, கண்ண எங்க வச்சிருந்த?" என்று அம்மா கேட்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போன நான்கு வருடத்தில், பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத நாட்கள் ஏராளம். தலையில் பூ இல்லாத நாள் கிடையாது.

மொட்டிலேயே பறித்துப் பழகிய அந்தக் கையை நான் விமானத்தில் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போகும் முன் தோட்டத்துக்கு வருவேன். விரியத் தொடங்கிய எல்லாவற்றையும் நறுக்கி, கருவிக் கொட்டகையில் வைத்திருக்கும் பிள்ளையார் படத்துக்குப் போடுவேன். பிறகு அட்டவணையில் 'பூத்தது' என்று குறிப்பேன். ஜூன் மாதம் ஹெல்கா வேலிக்கு அப்பாலிருந்து, "நன்றாக வெட்டுகிறீர்கள். வெட்ட வெட்ட இன்னும் பூக்கும்" என்றார். காய்ந்ததை வெட்டுகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார். நானோ பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் மும்முரமானேன்.

செப்டம்பரில் அவர் சோதனைக் காகிதத்துடன் வந்து நின்றபோது பாத்தி முழுக்க இலைதான்.

"செடிகள் ஆரோக்கியமாக இருக்கின்றன. பூ எங்கே?"

நான் அலைபேசியில் அட்டவணையைக் காட்டினேன். எல்லாக் கட்டமும் பச்சை. அவர் அதைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வேறு வழியின்றிக் கொட்டகையைத் திறந்தேன். பிள்ளையார் தும்பிக்கை வரை ஆஸ்டரில் புதைந்திருந்தார்.

ஹெல்கா படத்தைச் சுட்டிக்காட்டினார். "இவர் தேனீயா?" என்று கேட்டார். இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்டோபர் கடைசியில் மறுபடி வருவதாகக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். தரப் பரிசோதனை செய்யும் நான், என் பாத்தியின் பூவைத் தின்ற ஒரே பூச்சி நானேதான் என்பதை ஆறு மாதம் கண்டுபிடிக்காமல் இருந்திருக்கிறேன்.

அன்றே பூக்கட்டும் நூலை எடுத்துப் பாத்தியின் நடுவில் இழுத்துக் கட்டினேன். பாதைப் பக்கம் தேனீக்களுக்கு, உள்பக்கம் பிள்ளையாருக்கு.

"பிள்ளையாருக்குப் பாதிதானா?" என்றார் வீடியோவில் பார்த்த அம்மா.

"தேனீக்குப் பாதி விடலன்னா தோட்டமே போயிரும்மா."

"எம்புட்டு வச்சாலும் வாங்கிக்கிடுவாரு. நூலு கெடக்கட்டும்."

அக்டோபர் கடைசியில் ஹெல்கா வந்தார். பாதைப் பக்கம் ஊதா நிறத்தில் நிறைந்து கிடந்தது. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டியவர், சட்டென்று குனிந்தார். தேனீக்கள் பக்கம் முளைத்த ஆஸ்டர் தண்டு ஒன்று, நூலைத் தாண்டிச் சாய்ந்து என் பக்கத்தில் பூத்திருந்தது.

"இது யாருடையது?"

அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை. வேர் அந்தப் பக்கம், பூ இந்தப் பக்கம். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

"தெரியவில்லை" என்றேன்.