இரண்டு பஸ்களுக்கு நடுவே கலியம்மாள்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் வழியில், குன்னத்துப் பக்கம் கல்லேரிமேடு என்றொரு சின்ன ஊர் உண்டு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த ஊரைத் தெரியாது. அந்த வழியில் வண்டி ஓட்டும் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் நன்றாகத் தெரியும். காரணம் கலியம்மாள்.

கலியம்மாளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மற்றவர்கள் காட்டில் பருத்தி எடுப்பாள், வெங்காயம் ஆய்வாள், மக்காச்சோளம் ஒடிப்பாள். கணவர் அரியமுத்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பொங்கலுக்கு வருவார். ஒரே மகள் அபிநயா, பெரம்பலூரில் விடுதியில் தங்கி பன்னிரண்டாவது முடித்தவள்.

கலியம்மாள் முதன்முதலாகச் சாலையில் உட்கார்ந்தபோது அபிநயா கைக்குழந்தை. கொள்ளிடத்துத் தண்ணீர் ஊருக்கு வந்த புதிது. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குழாய் கொட்டியது. கடைசித் தெருவில் காற்றுதான் வந்தது. கலியம்மாள் ஊராட்சி ஆபீசுக்கு நடந்தாள். நாளைக்கு வாங்க என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு என்ன தோன்றியதோ, இடுப்பிலிருந்த வெறுங்குடத்தைச் சாலை நடுவில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பஸ் வந்து நின்றது.

“ஏம்மா, சாவுறதுக்கு எம் பஸ்ஸுதான் கெடச்சுதா?” என்று டிரைவர் கத்தினார்.

“சாவ வரல சார். தண்ணி கேட்டு வந்தேன்.”

தெருவே சிரித்தது. தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். பிறகு கொளஞ்சியம்மாள் ஒரு குடத்தோடு வந்தாள். ஆடு மேய்ந்த தகராறில் இரண்டு பேருக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை. கொளஞ்சியம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே உட்கார்ந்து, “ஒங்கூட பேச வரலடி. தண்ணிக்கு வந்தேன்” என்றாள். அதற்குப் பிறகு தெருவே வந்தது. பொழுது சாய்வதற்குள் குழாயில் தண்ணீரும் வந்தது.

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் மறியல் என்றால் கலியம்மாள்தான். அவள் மறியலுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. எந்தக் கட்சிக் கொடியும் வரக்கூடாது. வளைவில் உட்காரக்கூடாது, தூரத்திலேயே டிரைவர் கண்ணில் பட வேண்டும். ஆம்புலன்சுக்கும் பள்ளிக்கூட வண்டிக்கும் கேட்காமலே வழி விட வேண்டும். இன்னொன்று கேட்டால் யாருக்கும் வியப்பாக இருக்கும். வெறுங்குடங்கள் முன்னால் வரிசையாக நிற்கும்போது, பின்னால் புளியமர நிழலில் இரண்டு கேன் நல்ல தண்ணீர் இருக்கும். அது நின்றுபோன பஸ்ஸில் வந்தவர்களுக்கு. தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி வைப்பார்கள்.

ஒருமுறை வந்திருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “தண்ணி இல்லன்னு சொல்றீங்க, இங்க கேன் கேனா இருக்கே?” என்று மடக்கினார்.

“அது எங்களுக்கு இல்ல சார். நம்ம கோவத்துக்கு வழியில போற புள்ள நாக்கு வறண்டு கெடக்கணுமா?” என்றாள் கலியம்மாள். அவரும் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

இவ்வளவு செய்கிறவளை ஊர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. ஊராட்சித் தேர்தலில் வார்டு மெம்பருக்கு நின்றாள். தோற்றுப்போனாள். மறியலில் அவள் பின்னால் உட்கார்ந்தவர்களே வீரமணி என்கிற இளைஞனுக்குப் போட்டுவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் அதை மறைக்கக்கூட இல்லை.

“ஒன்னய மெம்பராக்கிட்டா நீ போயி ஆபீஸ்ல உக்காந்துக்குவ. அப்பறம் எங்க கூட ரோட்டுல யாரு உக்காருவா?”

கலியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தவள், மறுநாள் வீரமணியைக் கூப்பிட்டு, எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று காட்டிக்கொண்டு நடந்தாள்.

அபிநயாவுக்கு மட்டும் அம்மாவை நினைத்தால் கூச்சமாக இருக்கும். பெரம்பலூர் பள்ளிக்கூடத்தில், “உங்க அம்மாவால நேத்து பஸ்ஸு லேட்டுடி” என்று யாராவது சொல்லும்போது பூமிக்குள் போய்விடலாம் போலிருக்கும். மற்ற அம்மாக்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள், நம் அம்மா ஏன் தார் ரோட்டில் உட்கார வேண்டும் என்று அவள் பலமுறை அழுதிருக்கிறாள்.

கடந்த ஜூன் மாதம் அரியலூர் அரசுக் கல்லூரியில் அவளுக்குக் கலந்தாய்வு. பத்து மணிக்குப் பேர் வாசிக்கத் தொடங்குவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வேறு கல்லூரிக்குப் பணம் கட்ட வீட்டில் வசதியில்லை. இந்த இடம் போனால் அவளும் வெங்காயக் காட்டுக்குத்தான். பள்ளியில் சான்றிதழ் வாங்க முந்தின நாளே பெரம்பலூர் போனவள், தோழி ஜெயசித்ரா வீட்டில் தங்கிவிட்டாள். காலையில் முதல் பஸ்ஸில் கிளம்புவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு பேரும் கதை பேசிக்கொண்டே படுத்ததில் அவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். போன் அடித்தபோதுதான் எழுந்தாள்.

“ஏறிட்டியாடி?”

“ஏறிட்டேன்மா.” திட்டுக்குப் பயந்து வாயில் வந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனாலும் நேரத்துக்குப் போய்விடலாம் என்பது அவள் கணக்கு.

அம்மாவிடம் வேறு கணக்கு இருந்ததை அவள் அறியவில்லை. சாலை வேலைக்குத் தோண்டியவர்கள் கல்லேரிமேட்டுக்கு வரும் குழாயை உடைத்துப் போட்டு இருபது நாளாகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்று காலை உட்காருவது என்று ஊர் முடிவு செய்திருந்தது. போலீசுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று கலியம்மாள் மகளிடம்கூட மூச்சு விடவில்லை. “மொத பஸ்ஸு போவட்டும், அப்பறம் உக்காரலாம்” என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முதல் பஸ் போனது. மகள் போய்விட்டாள் என்று நம்பி, நிம்மதியாகக் குடத்தை வைத்து உட்கார்ந்தாள்.

அபிநயா வந்த பஸ் கல்லேரிமேட்டில் நின்றது. கண்டக்டர் இளவரசன் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, “போச்சுடா! கலியம்மா உக்காந்துடுச்சு. எல்லாரும் நல்லாச் சாஞ்சு தூங்குங்க” என்றார்.

பஸ்ஸில் ஆளாளுக்குக் கத்தினார்கள். “இதுங்களுக்கு வேற வேலையே இல்ல!” “புடிச்சு உள்ள போடணும்!” அபிநயாவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், பேரனைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள், “இந்தப் பொம்பளைக்குப் புள்ளகுட்டி இருக்கா இல்லையா?” என்று அவளையே கேட்டாள். அபிநயா சான்றிதழ்ப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மணி ஒன்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. இறங்கி ஓடினாள்.

குடங்களுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த கலியம்மாள் மகளைப் பார்த்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“மொத பஸ்ஸுல ஏறிட்டேன்னு சொன்ன?”

அபிநயா அழுதாள். வீரமணி ஓடி வந்தான். “அக்கா, ஒன்னும் பிரச்சன இல்ல. இந்த ஒரு பஸ்ஸ விட்டுட்டு மறுபடி உக்காந்துக்கலாம். பாப்பா படிப்பு விசயம்.”

“பின்னால நிக்கிற லாரிக்காரன் சும்மா இருப்பானா? பஸ்ஸு வால புடிச்சுக்கிட்டே அத்தனையும் போயிடும்.”

“அப்ப பாப்பாவ என் வண்டில ஏத்திக் கொண்டுபோயி விட்டுட்டு வரேன்.”

கலியம்மாள் உட்கார்ந்திருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். “இது எம் பொண்ணு விசயம். நான் சொல்லக் கூடாது. நீங்க சொல்லுங்க.”

“இதென்னடி கேள்வி? போவட்டும்” என்றாள் கொளஞ்சியம்மாள். பிறகு பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினாள். “ஆனா அந்தப் பஸ்ஸுல ஒம் பொண்ணு மட்டுமா இருக்கு?”

அந்தக் கேள்விதான் அவளைத் தொட்டது. கலியம்மாள் மேற்கே பார்த்தாள். பெரம்பலூரிலிருந்து வந்த பஸ். பின்னால் கண்ணுக்கெட்டியவரை சிமெண்ட் லாரிகள். கிழக்கே பார்த்தாள். அரியலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று, இதற்கு எதிர்முகமாக நின்றது. அதன் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். இரண்டு பஸ்களுக்கும் நடுவில் இவர்களும் குடங்களும். எதிர்ப்பக்கத்து வண்டிகளும் நின்றுபோனதால், இரண்டு பக்கமும் சாலையில் ஒரு பாதி வெறிச்சோடிக் கிடந்தது.

“இளவரசன் சார், கொஞ்சம் வாங்க” என்று கூப்பிட்டாள். “ஒங்க பஸ்ஸுல உள்ளவங்க அரியலூர் போவணும். அந்தப் பஸ்ஸு அரியலூர்லேருந்து வந்திருக்கு. ஒங்காளுங்க எங்க நடுவுல நடந்துபோயி அதுல ஏறிக்கட்டும். அவுங்க வந்து இதுல ஏறிக்கட்டும். ரெண்டு பஸ்ஸும் திரும்பி வந்த வழியே போவட்டும். ரோட்டுல பாதி சும்மாத்தான கெடக்கு?”

இளவரசன் வாயைப் பிளந்தார். “ஏம்மா, டிக்கெட்டு? டெப்போல யாரு பதில் சொல்றது?”

“ரெண்டும் ஒரே கவருமெண்டு பஸ்ஸுதான? போன் போட்டுக் கேளுங்க.”

அவர் ஒதுங்கிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது தலையைச் சொறிந்தார். “மறியல் முடியுமான்னு கேட்டாங்க. முடியாதுன்னேன். பாசஞ்சர எப்படியாச்சும் அனுப்பி வையின்னுட்டாங்க.”

வீரமணிக்கு ஒரு சந்தேகம். “பஸ்ஸ விட்டுட்டா அப்பறம் எதுக்குக்கா மறியல்?”

“பஸ்ஸு நின்னா எந்த ஆபீசர்டா ஓடி வந்திருக்காரு? சிமெண்ட் கம்பெனி லாரி நிக்கட்டும், பாரு” என்றாள் கலியம்மாள்.

அதன் பிறகு நடந்ததை அபிநயா சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள். ஊர் ஆண்கள் ரேஷன் கடை வாசலிலும் களத்திலும் நின்ற பைக்குகளை நகர்த்தி இடம் உண்டாக்கினார்கள். பஸ்கள் முன்னும் பின்னும் போய்த் திரும்பின. சற்று முன் சபித்த ஆட்கள் மூட்டையும் பையுமாக இறங்கி நடந்தார்கள். உட்கார்ந்திருந்த பெண்கள் குடங்களை இழுத்துக்கொண்டு, ஒரு ஆள் போகுமளவுக்கு வழி விட்டார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கமும் அந்த ஒற்றை வழியில் மாறி மாறிக் கடந்தார்கள். ஒருவர் கண் தெரியாத பெரியவர். அவர் கையை ஒவ்வொரு பெண்ணாக வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தார்கள். புளியமரத்தடியில் ஒருத்தி தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டே இருந்தாள். எந்தப் பதவியும் இல்லாத ஒரு பெண், தரையில் உட்கார்ந்தபடியே, இரண்டு ஊர் ஜனத்தை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

அபிநயா கடைசியாக நடந்தாள். அம்மா அருகில் வந்தபோது கால் நின்றுவிட்டது. கலியம்மாள் முகத்தைப் பார்க்காமல் குடத்தை நகர்த்தினாள்.

“நடடி. பொய் சொன்னதுக்குச் சாயங்காலம் இருக்கு ஒனக்கு.”

பஸ் கிளம்பியதும் பேரனோடு வந்த அம்மாள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். “யாரும்மா அது? என்ன பொம்பள!”

“எங்கம்மா” என்றாள் அபிநயா. அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

கல்லூரி வாசலில் இறங்கி ஓடினாள். அரங்கத்தில் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு அடங்குவதற்குள் அவள் பேர் வந்தது.

மாலை திரும்பி வரும்போது கல்லேரிமேட்டில் சாலை காலியாக இருந்தது. ஓரத்தில் ஒரு ஜேசிபி குழி தோண்டிக்கொண்டிருந்தது. பெண்களை எல்லாம் போலீஸ் கைது செய்து குன்னத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருப்பதாக வீரமணி சொன்னான். எப்போதும் அப்படித்தான், மாலையில் விட்டுவிடுவார்கள். அபிநயா அவன் வண்டியிலேயே ஏறிப் போனாள்.

வழியெல்லாம் அவன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். லாரிகள் நின்றதும் தாசில்தார் பறந்து வந்தாராம். ரெண்டு நாளில் சரி செய்கிறோம் என்றாராம். மெஷின் வந்து மண்ணைத் தொட்டால்தான் எழுந்திருப்பேன் என்றாளாம் கலியம்மாள். மெஷினுக்கு எங்கே போவது என்று அவர் தவித்தபோது, லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ஒரு ஜேசிபியே நின்றதாம். “அதையே எறக்கிட்டாங்க பாப்பா! ஒங்கம்மா எந்திரிச்சு, தானே போயி வேன்ல ஏறிக்கிச்சு.”

மண்டபத்தில் பெண்கள் சாப்பிட்டு முடித்து, மேடையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். கலியம்மாள் கை கழுவும் இடத்தில் நின்றாள். மகளைக் கண்டதும் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் கேள்வி வந்தது.

“எடம் கெடச்சுதா?”

“தண்ணி வந்துருமாம்மா?”

“கெடச்சுது” என்றாள் அபிநயா. “வந்துரும்” என்றாள் கலியம்மாள்.

குழாயை ஒருமுறை திறந்தாள். தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சொட்டு விழாமல் இறுக்கி மூடினாள். பிறகு ஈரக் கையாலேயே மகள் காதைப் பிடித்துத் திருகினாள். அபிநயா வலிக்கிறது என்று சொல்லவே இல்லை.