நாலுக்குப் பிறகு வந்த ஒன்பது

மூடியில்லாத ஒரு ஜாம் போத்தல். அதற்குள் வாவித் தண்ணீர். தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும் ஒரு குளிர்பானக் குழாய். அதன் அடியை மெழுகால் அடைத்து, பாரத்துக்கு உள்ளே ஒரு சின்ன ஆணி. குழாய் நெடுக பேனையால் கீறிய கோடுகள். தண்ணீரில் உப்புக் கூடினால் குழாய் எழும்பும், குறைந்தால் அமிழும். எத்தனை கோடு வெளியே தெரிகிறது என்று எண்ணினால் போதும். மட்டக்களப்பில், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்துக்குக் கிட்ட, நான் படிப்பித்த ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி ஒரு மாரி முழுக்க இதைச் சுமந்து திரிந்தாள். வாவியில் வலை வீசுகிற ஒருவரின் மகள். காலையில் தோணித்துறையில் தண்ணீர் மொண்டு, அளந்து, கொப்பியில் எழுதிவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாள். சப்பாத்து எப்போதும் நனைந்திருக்கும். அதற்காக நானே எத்தனை நாள் ஏசியிருக்கிறேன்.

அந்த வருடத்து விஞ்ஞானக் கண்காட்சிக்கு மற்றப் பிள்ளைகள் கொண்டுவந்ததைக் கேளுங்கள். வெள்ளை ரெஜிபோம் நுரையில் செய்த மூன்று எரிமலை, மூன்றும் ஒரே கடையில் செய்வித்தவை. லைட் எரிகிற வீடு ஒன்று. வயரிங் வேலை பார்க்கிற மாமா செய்து கொடுத்தார், மருமகளுக்கு சுவிச்சைப் போடத் தெரியும், அவ்வளவுதான். காற்றாலை ஒன்றைத் தகப்பன் முச்சக்கரவண்டியில் ஏற்றி வந்து, பிள்ளையைத் தொடவிடாமல் தானே மேசையில் வைத்தார். உடைத்துப்போடுவானாம்! பிள்ளை தொட்டு உடைக்காத விஞ்ஞானம் என்ன விஞ்ஞானம் என்று அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் என் வகுப்பில் தன் கையால் வேலை செய்த ஒரே பிள்ளைக்கு நான் செய்ததைச் சொன்னால், அந்தத் தகப்பன் எவ்வளவோ மேல் என்பீர்கள்.

மழை தொடங்கிய பிறகு அவளுடைய எண்கள் அழகாக இறங்கி வந்தன. ஏழு, ஆறு, ஆறு, ஐந்து, நாலு. மழைத்தண்ணீர் சேரச் சேர உப்புக் குறைகிறது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். கண்காட்சிக்கு முதல்நாள் காலையில் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். கடைசி வரியில் ஒன்பது.

"இது பிழை புள்ள. நாலுக்குப் பிறகு எப்பிடி ஒம்பது வரும்?"

"மூணு தரம் பாத்தன் டீச்சர். ஒம்பதுதான் வருது. அப்பா சொன்னாரு, முகத்துவாரத்த வெட்டி..."

அவளை முடிக்க விடவில்லை. பிரிஸ்டல் மட்டையில் வரைபு கீற வேண்டும், அதிபர் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார், பெறுபேறு காட்டாத வேலைக்கு மேசை இல்லையென்று வேறு சொல்லியிருந்தார். "நடுவர்மார் கேட்டா நான் என்னத்தச் சொல்லுற? மூணு எண்டு போடு" என்றேன். அவள் அழிறப்பரால் ஒன்பதை அழித்து மூன்று என்று எழுதினாள். நான் சொன்னதால் எழுதினாள்.

வெளியிலிருந்து வந்த நடுவர் வரைபின் மேல் விரலை ஓட்டி, "தரவு எவ்வளவு ஒழுங்கா இறங்குது பாருங்க" என்று அதிபரிடம் மெச்சினார். அந்தப் போத்தலை அவர் கையால் தொடவேயில்லை. "எல்லாம் நீதான் அளந்தனியா?" என்று கேட்டார். அவள் முதலில் என்னைப் பார்த்தாள். "ஓம் சேர்" என்றாள். இரண்டாம் பரிசு கிடைத்தது. கைதட்டினோம், வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவளுடைய தகப்பன் மெதுவாக என்னிடம் வந்தார். "டீச்சர், வெள்ளத்துக்கு முகத்துவாரத்து மணல்மேட்ட வெட்டி நாலு நாளாகுது. வெள்ளம் வடிஞ்சி இப்ப கடல்தண்ணி உள்ளுக்கு ஏறுது. நேத்து என்ட வலையிலயும் கடல்மீன்தான் பட்டது. புள்ள ஒம்பது எண்டுதானே வீட்டயும் சொன்னா. இதில ஏன் மூணு கிடக்கு?"

வாவி ஓரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். முகத்துவாரம் வெட்டுகிற சங்கதி எனக்குத் தெரியாததா? என் வகுப்புப் பிள்ளை அதைக் கையால் அளந்து பிடித்திருக்கிறாள். நான் அதை அழிக்க வைத்துவிட்டு நிற்கிறேன். "கண்காட்சிக்கு இப்பிடித்தான் வேணும் அண்ணன்" என்றேன். "டீச்சருக்குத் தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சண்டை பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

இப்போது என்னையும் நடுவராகக் கூப்பிடுகிறார்கள். எரிமலைகள் பெரிதாகிவிட்டன, சிலதில் ரிமோட்டும் உண்டு. பிள்ளையிடம் எப்படிச் செய்தாய் என்று கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறது. நேர்கோட்டில் இறங்கும் வரைபைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிழையாய் வந்த அளவு எங்கே, அதைக் காட்டு என்று கேட்கிறேன். பொல்லாத மனுசி என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். நான் யார் யாரைத் திட்டினாலும் அந்த அழிறப்பரை எடுக்க வைத்தது என் வாய்தான். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பரிசு கிடைத்த அடுத்த கிழமை, சுற்றாடல் பாடத்துக்குப் பயறு முளைக்கப் போட்டிருந்தோம். ஆளுக்கொரு முளையை அளந்து எழுதச் சொன்னேன். அவளும் அடிமட்டத்தை முளையோடு சேர்த்துப் பிடித்தாள், ஆனால் பார்க்கவில்லை. பென்சிலைக் கொப்பியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் கேலியில்லை, கோபமில்லை. நல்ல பிள்ளையாகத்தான் கேட்டாள்.

"எத்தனை எண்டு வரணும் டீச்சர்?"