முகம் திருப்பிய காட்சி

என் கணவர் பதினான்கு வருஷம் ராணுவத்தில் இருந்தார். எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வடக்கே ஆஸ்பத்திரி, செயற்கைக்கால், நடைப்பயிற்சி என்று எட்டு மாதம் கழித்து ராஜபாளையம் வந்து சேர்ந்தார். முதல் வாரம் தெருவே எங்கள் வீட்டுக்குள் இருந்தது. மாலை போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் நாங்கள் இருவர் மட்டும்தான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ் ஏறப் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, சாயங்காலம் வரும்போதும் அதிலேயே இருப்பார். சாப்பிட்டீங்களா என்றால் "ம்". வலிக்குதா என்றால் "இல்ல". குக்கர் விசிலடித்தால் மட்டும் அவர் உடம்பு தூக்கிப்போடும். அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு சோற்றை வடிக்க ஆரம்பித்தேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியபின் நாடகக்காரர் வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் எழுதிப் போடுகிறவர்.

"அடிபட்டு ஊர் திரும்புன பட்டாளத்துக்காரன் கதை சார். நடிக்கிறவருக்கு எப்படி நடக்க, எப்படி உக்காரன்னு தெரியல. நீங்க செத்த நேரம் வந்து பாத்துச் சொன்னாப் போதும்" என்றார்.

வெளியே போகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். "ஒத்திகை எங்க?" என்று கேட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில். முதல் ஞாயிறு தனியாகவே பஸ் ஏறிப் போனார். திரும்பி வந்து இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "அந்த ஆளு கால இழுத்து இழுத்து நடக்கான். நான் எங்க இழுக்கேன்? தூக்கித்தான வைக்கேன்?" என்று சிரித்தார். பல மாதங்களில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

அதன்பிறகு அந்த நடிகர் அடிக்கடி போன் செய்வார். மில்லில் எலெக்ட்ரீஷியன். இவர் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார். நான் பக்கத்தில் போனால் குரல் இறங்கிவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். என்னிடம் சொல்ல முடியாத எதை முன்பின் தெரியாத ஓர் ஆளிடம் சொல்கிறார்?

ராஜபாளையத்தில் முதல் மேடையேற்றத்தின்போது அது தெரிந்தது. இவர் மேடைக்குப் பின்னால் இருந்தார். நான் மூன்றாவது வரிசை. பாதி நாடகத்தில், பட்டாளத்துக்காரன் கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக்காலைக் கழற்றுகிறான். மனைவி காபி கொண்டுவந்து ஜன்னலில் வைக்கிறாள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். அவன் வேட்டியை இழுத்து மூடும்வரை அப்படியே நிற்கிறாள். அவன் சபையைப் பார்த்துச் சொல்கிறான்: "வெடிச்சப்ப எனக்குக் கால் போகல. தினமும் இவ திரும்புதா பாருங்க, அப்பத்தான் போகுது."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பின்னாலிருந்த ஒரு பெண், "இவல்லாம் ஒரு பொண்டாட்டியா?" என்றாள்.

எங்கள் வீட்டு ஜன்னல், எங்கள் வீட்டுச் சுவர். திரும்பியவள் நான்தான். ஆஸ்பத்திரிக்கு நான் போன முதல் நாள், கட்டுப் பிரிக்கப் போர்வையை விலக்கினார்கள். "பாக்காத! பாக்காதட்டி!" என்று இவர் கத்தினார். அப்படியொரு குரலை அவரிடம் அதற்குமுன் கேட்டதில்லை. நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். இனிமேல் பார்க்கலாம் என்று அதன்பிறகு அவர் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, மனைவியாக நடித்த பெண் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் அலுவலகத்துக்கு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். "அக்கா, அந்த இடத்துல என்ன நினைச்சுக்கிட்டுத் திரும்பன்னு எனக்குப் பிடிபடல. அருவருப்பான்னு கேட்டா, எழுதுனவரு ஆமாங்காரு. எனக்கு அப்படித் தோணல" என்றாள்.

யாரிடமும் சொல்லாததை, டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன்.

அடுத்த மேடையேற்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். அன்றைக்கு இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதே காட்சி வந்தது. அவள் திரும்பினாள். நடிகர் தன் வசனத்துக்கு வாயெடுக்கும் முன்னால், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "பாக்காதன்னு நீங்கதான சொன்னீக? இன்னைக்கு வரைக்கும் திரும்புன்னு சொல்லலையே."

இது நாடகத்தில் இல்லாத வசனம். நடிகர் மேடையிலிருந்து நேராக என் கணவரைப் பார்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து எழுதியவர் ஏதோ உறுமினார். கடைசியில் நடிகர் இரண்டு பக்கம் தாண்டி வேறொரு வசனத்தைப் பிடித்துக்கொண்டார்.

இவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நாடகம் முடியுமுன்பே எழுந்து வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் கேட்டார்.

"நான் அப்படியா சொன்னேன்?"

"ரெண்டு தடவ."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"எனக்கு இருக்கு."

"அத எங்கிட்ட சொல்லாம எவகிட்டயோ போய்ச் சொல்லிருக்க!"

"நீங்க யாருகிட்டச் சொன்னீக? ஊரு கைதட்டுனப்பத்தான எனக்கே தெரிஞ்சது?"

கத்திவிட்டேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ராஜபாளையம் வரும்வரை சண்டை போட்டோம். இரண்டு வருஷத்தில் அதுதான் எங்கள் முதல் சண்டை. இறங்கும்போது இவர் படியில் தடுமாறினார். பிடிக்கப் போனேன், உதறிவிட்டார்.

மறுநாள் காலை கட்டிலில் உட்கார்ந்து, காலைக் கழற்றிவிட்டு, "வா, பாத்துக்கோ" என்றார். குரலில் கோபம் போகவில்லை.

பார்த்தேன். திரும்பிக்கொள்ளத் தோன்றியது, பொய் சொல்ல முடியாது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. மிச்சக் காலின் நுனியில் செயற்கைக்கால் உரசி உரசிப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது.

"இது எம்புட்டு நாளா?"

"மூணு மாசமா."

லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு மாதம் செயற்கைக்காலை மாட்டவே கூடாது என்றார். இவருக்கு அது பெரிய அடி. ஊன்றி நடக்கக் கொடுத்த கக்கத்துக் கட்டையைச் சுவரில் வீசி எறிந்தார், என்னிடம் எரிந்து விழுந்தார்.

நாடகக்காரர் வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணு சீனையே கெடுத்துட்டா சார். கைதட்டே விழல."

"அவ சொன்னதுதான் நெசம். அத வச்சுக்கோங்க" என்றார் இவர்.

"வச்சா ஹீரோ மேலல்லா தப்பு விழும்?"

"விழட்டும்."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை மாற்றிவிட்டு, பழைய வசனத்தோடே மற்ற ஊர்களில் போடுவதாகக் கேள்விப்பட்டோம். இவர் போவதை நிறுத்திவிட்டார். என் வாயால் அவளுக்கு வேஷம் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. நேரில் போய்ச் சொன்னேன். "அந்த ஒரு தடவ ஒழுங்கா நடிச்சேன்லக்கா, போதும்" என்றாள்.

புண் ஆறிவிட்டது. மறுபடி நடக்கிறார். பழைய மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். சில நாள் பேச்சே இருக்காது. சில நாள் காலையிலேயே சண்டை வந்து, நான் அழுதுகொண்டே பஸ் ஏறுவேன். ஆனால் வலித்தால் இப்போது வலிக்கிறது என்று சொல்கிறார்.