மெலிசா என்றால் தேனீ

ராமுத்தாய்க்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. அச்சாகி வரும் தாள்களை மடித்து, அடுக்கி, தைக்கக் கொடுக்க வேண்டும். தொண்ணூற்றெட்டில் ஏழு மாத வயிற்றோடு அவள் மடித்தது ஒரு குழந்தைப் பெயர்ப் புத்தகம். கடைசிப் பக்கங்களில் கிரேக்கப் பெயர்கள் இருந்தன. ஐரீன் என்றால் அமைதி, சோபியா என்றால் அறிவு. மெலிசா என்றால் தேனீ என்று போட்டிருந்த இடத்தில் அவள் கை நின்றது. அர்த்தம் சரிதானா என்று பிழை திருத்தும் கற்பகவல்லியிடம் கேட்டாள். அகராதி பார்த்துத்தான் போட்டோம் என்றாள் அவள்.

ராமுத்தாயின் அம்மாவை, களையெடுக்கப் போன இடத்தில் நிலத்துச் சொந்தக்காரர்கள் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏ, இவளே’ என்பதுதான் பேர். தன் மகளுக்கு அர்த்தத்தோடு ஒரு பேர் வேண்டும் என்று ராமுத்தாய்க்கு வைராக்கியம். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்த புருஷன் முனியசாமி, வாயில் நுழைந்தால் சரி என்றான். மகளுக்கு மெலிசா என்றே பேர் வைத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள். தாலுகா ஆபீஸில் வருவாய் ஆய்வாளர் மனுவைப் பார்த்ததும், எப்போது வேதத்தில் சேர்ந்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் மதம் மாறவில்லை, அது கிரேக்கப் பேர் என்றாள் ராமுத்தாய். அவர் சிரித்தார். கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று மனுவைத் தள்ளி வைத்தார். மூன்று தடவை நடந்தும் அதே பதில்தான்.

பிறகு விசாரணை என்று அவரே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. சிலுவை மாட்டிய ஆணித்தடம் இருக்கிறதா என்று சுவரைப் பார்த்தார். டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அச்சகத்துக் கழிவுத் தாளிலிருந்து வெட்டி ராமுத்தாய் ஒட்டியிருந்த முருகன் படத்தை விரலால் சுண்டினார்.

“படம் புதுசா இருக்கே. நான் வாரேன்னு ஒட்டுனதா?”

தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மெலிசா சுவரோரம் தலை குனிந்து நின்றாள். ராமுத்தாய் ஆய்வாளரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்க பிள்ளைக்கு என்ன பேரு வச்சீகன்னு யாராச்சும் ஒங்க வீட்டுப் பெட்டியத் தொறந்து பாத்தாகளா சார்?”

ஆய்வாளர் வாசலுக்குத் திரும்பினார். பேரை மல்லிகா என்று மாற்றிக்கொண்டு வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று முனியசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார். மாற்றிவிடலாமே என்றான் முனியசாமி. அதன்பின் ஒரு மாதம் ராமுத்தாய் அவனோடு பேசவில்லை.

அச்சகத்துக் குடோனில் அரை நாள் தேடி, கரையான் அரித்த அட்டையோடு அந்தப் பெயர்ப் புத்தகத்தை ராமுத்தாய் கண்டெடுத்தாள். திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய், கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில் நின்றாள். மனு வாங்கிய பெண் அதிகாரி, மெலிசா என்ற பேர் இருந்த பக்கத்தை வாசித்தார். பேரை வைத்து மதத்தை முடிவு செய்ய உங்கள் ஆளுக்கு யார் சொன்னது என்று போனில் யாரிடமோ கேட்டார்.

மூன்றாவது வாரம் சான்றிதழ் தயாரானது. மகளையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனாள். ஒரு பேருக்காக இவ்வளவு அலைச்சல் தேவையா என்று கேட்டுக்கொண்டே ஆய்வாளர் அதை நீட்டினார். ராமுத்தாய் மகள் பேரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். இல்லை.

“அலைய வச்சது நீங்க” என்றாள்.

படியிறங்கிய பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.