ஜமால் பாய் காருக்கு டர்போ மாட்டிய கதை

பொரி வறுக்கும்போது சட்டியில் படபடவென்று வெடிக்குமே, அந்தக் காரின் என்ஜின் நின்ற இடத்திலேயே ஓடும்போது அதே சத்தம்தான் வரும். கூடவே பெட்ரோல் வாடை... பக்கத்து வயலில் காயும் ஈர வைக்கோலின் வாசனையோடு கலந்து.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாபநாசம் ரோட்டில் இருந்த ஜமால் பாயின் லாரி ஷெட்டில் நான் மெக்கானிக். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பெண்ணை வேறு எந்த ஷெட்டிலும் சேர்க்கவில்லை. பாய் மட்டும், “நட்டுக்கும் போல்ட்டுக்கும் ஆம்பள பொம்பள தெரியுமா? நாளைலேருந்து வாம்மா” என்றார்.

அதிராம்பட்டினத்துக்காரர். மலேசியாவில் இருபது வருஷம் ஒர்க்‌ஷாப் வேலை. திரும்பும்போது ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சிவப்பு. இரண்டே சீட். ரோட்டரி என்ஜின். பிஸ்டனே கிடையாது, முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோணமாக ஓர் இரும்பு சுற்றிக்கொண்டே இருக்கும்.

“அங்க எத்தனையோ பேரு வண்டிக்கு டர்போ மாட்டிக் குடுத்திருக்கேன். என் வண்டிக்கு ஒண்ணு மாட்ட வாய்க்கலம்மா” என்பார்.

வெளியேறும் புகையின் வேகத்தை வைத்தே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, என்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. ஆனால் காற்று ஏறி பெட்ரோல் குறைந்தால் உள்ளே வெடிப்பு தாறுமாறாகி, அந்த முக்கோணத்தின் முனையில் காற்று கசியாமல் அடைக்கும் சீல் உடைந்துவிடும். மாற்று சீல் தஞ்சாவூரிலும் இல்லை, மெட்ராஸிலும் இல்லை. உடைந்தால் கார் வெறும் தகரம்.

டர்போ கிடைத்த இடம் அதைவிட வம்பு.

முந்தின தை மாதம் எங்கள் ஊர் மிராசுதார் வயலுக்குக் கதிர் அறுக்கும் மெஷின் ஒன்று வந்தது. விவசாயக் கூலிகளின் சங்கத்துக்கு என் அப்பாதான் தலைவர். நூறு பேரோடு போய் மெஷின் முன்னால் வரப்பில் படுத்துவிட்டார். போலீஸ், பேச்சுவார்த்தை, கடைசியில் அறுப்பு ஆட்களுக்கே என்று முடிந்தது. வெளியூரில் இருந்து வந்த அந்த மெஷினை எடுத்துப்போக யாரும் வராமல், அப்படியே நின்று துருப்பிடித்து, பிறகு பிரித்து விற்கப்பட்டது. அதன் டர்போ பாய் கைக்கு வந்தது.

அப்பாவிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சாப்பிடும்போது சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது.

“நாங்க மறிச்ச மிஷினோடதா?”

“ஆமாப்பா.”

“அது வயலுக்குள்ள எறங்காதுல்ல?”

“எறங்காதுப்பா. ரோட்டுலதான்.”

“அப்ப சரி. ரசம் ஊத்து.”

மூன்று வாரம் வேலை. குழாயை வளைத்து, வெல்டு வைத்து, ஆயில் போக வர வழி செய்து... முதல் ஓட்டத்தில் டர்போ சுழலும் விசில் கேட்டது! பாய் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள் என்ஜின் திணறி, குலுங்கி, அணைந்துவிட்டது. மறுபடியும் அதே. விசில் வந்த மறுநொடி மூச்சு நின்றது.

பாய் முகம் சுருங்கிவிட்டது. “கழட்டிடும்மா. உள்ளதும் போயிடப் போவுது.”

“ஒரு நாள் குடுங்க பாய்.”

மறுநாள் காலை நல்ல மழை. சைக்கிளில் வரும்போது பார்த்தேன்: வடிகால் நிரம்பிவிட்டதால், வயலில் இருந்து வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் முட்டிக்கொண்டு நின்றது. சைக்கிளை அப்படியே நிறுத்தினேன். எங்கள் காரிலும் இதுதானே! காற்றும் பெட்ரோலும் கலக்கும் கார்புரேட்டரை டர்போ காற்று நிரப்பிவிட்டது. அழுத்தம் குறைந்த பெட்ரோல் உள்ளே போக முடியாமல் நிற்கிறது.

நனைந்தபடியே ஷெட்டுக்கு ஓடினேன். பெட்ரோலைத் தள்ளப் பலமான பம்ப் ஒன்றை மாட்டி, அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு டர்போ குழாயில் இருந்து ஒரு சின்ன ரப்பர் ட்யூப் இழுத்தேன். இனி காற்று ஏற ஏற, பெட்ரோலின் அழுத்தமும் சேர்ந்தே ஏறும்.

சாயங்காலம் மழை விட்டது. அப்பா என்னைத் தேடி ஷெட்டுக்கு வந்திருந்தார். பாய் சாவியை என் கையில் வைத்தார்.

“நீயே ஓட்டு. அப்பாவ ஏத்திக்க.”

“வேட்டியெல்லாம் சேறுங்க பாய்...” என்று அப்பா தயங்கினார்.

“சீட்டு என்னுது. உக்காருங்கண்ணே.”

ஆளில்லாத நேர் ரோடு. இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளக்கும் வயல். மூன்றாவது கியரில் மிதித்தேன். விசில் எழுந்தது, ஏறியது, நிற்கவே இல்லை. முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவது போல கார் பாய்ந்தது. ஊர்வலத்தில் கோஷம் போட்டுப் பழகிய என் அப்பா, “யம்மாடி!” என்று கத்தினார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து நிறுத்தினேன். அப்பா இறங்கவில்லை.

“பாய்... இன்னொரு தடவ போய்ட்டு வந்துரட்டுமா?”

இப்போது சென்னையில், என்ஜின்களைச் சோதிக்கும் லேபில் இருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ஜின், இந்தப் பக்கம் நான், நடுவில் நாலு ஸ்கிரீன். ஏதாவது கெடும் முன்பே கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது. நல்லதுதான்... வேலை சுத்தம், பயமில்லை.

முதன்முதலாக ஒரு என்ஜின் உயிர் பிடிக்கும்போது நான் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பேன். கூட வேலை பார்க்கும் பிள்ளைகள், “என்ன ஆச்சு மேடம்?” என்று கேட்பார்கள்.

“ஒண்ணுமில்லப்பா” என்று உட்கார்ந்துவிடுவேன்.